ஐந்தில் ஒரு பங்கு

கரடிமூக்குப் பாறையில் ஏறி நின்றதும் வடிவின் நெஞ்சில் மறுபடியும் அந்தப் பாரம் வந்து உட்கார்ந்தது.

நேற்றிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள். நடு மார்பில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. உயிர் போகிற வலி இல்லை. அதற்காக மறந்துவிட்டு நடக்கிற வலியும் இல்லை. கீழே வேடிக்கை பார்ப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டு மூச்சை இழுத்து விட்டாள். கீழே கம்பம் பள்ளத்தாக்கு வயலும் தோப்புமாக விரிந்து கிடந்தது. மற்ற மலைகள் மாதிரி இது சரிந்து சரிந்து இறங்குகிற மலை இல்லை. கத்தி வைத்து வெட்டிய அல்வாத் துண்டுபோல் நின்ற இடத்திலேயே முடிந்துபோயிருந்தது.

"என்னடி, குதிக்கப் போறியா?" என்று பின்னாலிருந்து ரோஸ்லின் கேட்டாள்.

"ஒன்னத் தள்ளிவிட்டுட்டு அப்புறமாக் குதிக்கிறேன்."

ரோஸ்லின் சிரித்தாள். ஆனால் வழக்கமான சிரிப்பில் பாதிதான் வந்தது. அதை வடிவு கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டாம் என்று இருந்தாள் என்பதுதான் சரி.

அந்தப் பாதைக்கு வனத்துறைக் காகிதங்களில் நீளமாக ஒரு பெயர் உண்டு. நடக்கிறவர்கள் விளிம்புப் பாதை என்பார்கள். கொஞ்ச தூரம் மலையின் ஓரத்தில் போகும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் காற்று. பிறகு, பயந்துவிட்டதைப் போல, சோலைக்காட்டுக்குள் புகுந்துவிடும். அங்கே வெயிலும் கிடையாது, வானமும் கிடையாது, ஈரமும் அட்டையும்தான். மறுபடி விளிம்பு, மறுபடி காடு. ஐந்து நாள் நடை. வடிவு உடற்கல்வி ஆசிரியை. மலையேற்றத்துக்கு ஆட்களை நடத்திச் செல்லும் உரிமம் அவளிடம் இருந்தது. அதனால் இந்த நடைக்கு அவள்தான் தலைவி, சமையல் தவிர எல்லாவற்றுக்கும்.

சமையல் பேச்சியம்மாளுடையது. தேனியில் மெஸ் நடத்துகிறாள். பெயரில்தான் பேச்சு; வாயைத் திறந்தால் உப்பு போதுமா என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ரோஸ்லினுக்குத் திண்டுக்கல்லில் மருந்துக்கடை. நாலாவது ஷம்ஷாத். வலிப்பட்டைகள் செய்கிற கம்பெனியில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவள். நால்வர் மணிக்கட்டிலும் இருந்த பட்டைகளை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

வலிப்பட்டையைப் பற்றி இன்று யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் முதல் நாள் சாயங்காலம் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே, இது எதற்காக வந்தது என்று பேச்சி ஒரு கேள்வி கேட்டாள். அவள் கேள்வி கேட்பதே அபூர்வம் என்பதால் ஷம்ஷாத் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"மொதல்ல பிரசவத்துக்குத்தான் கண்டுபிடிச்சாங்க. பொண்டாட்டி வலியில புருஷன் பாதிய வாங்கிக்கலாம்னு. எத்தன பேரு வாங்கிக்கிட்டாங்கன்னு கேக்காத. அதுக்கப்புறம் காசுள்ளவங்க ஆள் வச்சு வலியக் குடுக்க ஆரம்பிச்சாங்க. பெரிய ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஜம்முனு படுத்துக் கெடப்பாங்க. அவங்க வலிய வாங்கிக்கிட்டு ஒருத்தன் பக்கத்து ரூம்ல சுவத்துல முட்டிக்கிட்டுக் கெடப்பான். அதுல நாலஞ்சு உசுரு போச்சு. அதுக்குத்தான் சட்டம் வந்துச்சு. இப்ப சரிபங்கு மட்டும்தான். சேர்ந்திருக்கிறவங்க எல்லாருக்கும் சமமாத்தான் பிரியும். கூட எடுத்துக்கவும் முடியாது, கொறச்சுக்கவும் முடியாது."

"அப்ப என் காலு வலி போனா, புண்ணும் போயிருமா?" என்றாள் பேச்சி.

"புண்ணு எங்கடி போகும்? அது ஒடம்புக்காரியோடது. வலி மட்டும்தான் பொது."

பட்டை இல்லாவிட்டால் இந்த நடையே இல்லை. நால்வருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒருத்திக்குக் குதிகால், ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்கு எல்லாமே. பட்டை போட்டுக்கொண்டால் யாருடைய குதிகால் குத்தினாலும் ஆளுக்குக் கொஞ்சம் வந்து சேரும். யாரும் உட்கார்ந்துவிட மாட்டார்கள். இவர்களுக்கு அது புதிதாகவும் தெரியவில்லை. முப்பது வருஷமாக அப்படித்தான் இருக்கிறார்கள்.

மதுரையில் கல்லூரி விடுதியில் இவர்களுக்கு ஒரே அறை. ஒரு ராத்திரி யாரோ ஒருத்தி சுவரேறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் வார்டன், "யாரு?" என்று கேட்டார். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அறைக்கே தண்டனை கிடைத்தது. அதைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் போடப்பட்டதுதான் அவர்களுடைய ஒரே சட்டம்: யாரு என்று கேட்கக் கூடாது. வார்டன் கேட்டால் மட்டுமல்ல, தங்களுக்குள்ளும் கேட்கக் கூடாது. அன்று சுவரேறியது யார் என்பது அவர்களுக்குள்ளேயே இன்றுவரை பேசப்படாத விஷயம். பட்டை வந்தபிறகு அந்தச் சட்டம் இன்னும் வசதியாகிவிட்டது. முட்டி வலித்தால் முட்டி வலிக்கிறது, அவ்வளவுதான். யார் முட்டி என்று ஆராய்வது அநாகரிகம்.

அந்த அறையில் ஐந்தாவதாக ஒருத்தி உண்டு. காந்திமதி. மதுரையில் தலைமையாசிரியை. இந்த நடைக்கு நாள் குறித்ததே அவள்தான். கிளம்புவதற்கு முந்தின வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது முட்டியில் ஜவ்வு கிழிந்துபோய்விட்டது. மூன்றாவது மாடி வீட்டில், மகன் வெளிநாட்டில் இருக்க, காலை நீட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். நால்வரும் விடைபெறப் போனபோது, "என் பட்டைய நான் கழட்ட மாட்டேன். ஒங்க கால் வலில அஞ்சுல ஒரு பங்கு எனக்கு வந்தாகணும்" என்றாள்.

"கூப்பிடு தூரத்தத் தாண்டுனா எட்டாதுடி" என்று ஷம்ஷாத் சிரித்தாள்.

"எட்டாட்டி எட்டாமப் போகுது. வளையல் மாதிரி கெடக்கட்டும்."

வடிவைத் தனியாகக் கூப்பிட்டு வேறொன்றும் சொன்னாள். வடிவுக்கு மாடியேறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் டிரெட்மில்லில் ஓடவிட்டு இருதயத்தைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். வடிவின் அண்ணன் இதே வயதில், சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையிலேயே சாய்ந்து போனவர். சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மலைக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள் வடிவு. இந்த விஷயம் காந்திமதி ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ஒடம்புக்கு ஒண்ணுன்னா ஒடனே எறங்கிரு. தலைவிங்கிற கிரீடத்தத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியாத" என்றாள் காந்திமதி.

"சரி டீச்சர்" என்றாள் வடிவு.

கரடிமூக்கைத் தாண்டிப் பாதை காட்டுக்குள் நுழைந்தது. பத்தடி போவதற்குள் நெஞ்சிலிருந்த பாரம் விளக்கை அணைத்ததுபோல் போய்விட்டது. வடிவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி. இது வெறும் உயர பயமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விளிம்பில் வருகிறது, காட்டுக்குள் வந்தால் போகிறது. கீழே பார்த்தால் யாருக்குத்தான் நெஞ்சு அடைக்காது? ஆனால் இருபது வருஷமாக மலையேறுகிறவளுக்கு இந்த வருஷம்தானா உயர பயம் வரும் என்று இன்னொரு குரல் கேட்டது. அதை அட்டையைப் பிய்த்துப் போடுவதுபோல் பிய்த்துப் போட்டுவிட்டு நடந்தாள்.

இறங்கிவிடலாம்தான். ஆனால் வலி தன்னுடையதென்று சொல்லி, மற்றவர்கள் தன்னைச் சுமந்துகொண்டு இறங்குவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிட ஒரு கேவலமான எண்ணமும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இது வேறு யாருடையதாகவும் இருக்கலாமே? ரோஸ்லினுக்குச் சர்க்கரை இருக்கிறது. பேச்சி நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவள். அப்படி நினைத்ததும் மனசு லேசானது. லேசானதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

காடு முடிந்து அடுத்த விளிம்பு வந்தது. பாறை பலகைபோல் நீட்டிக்கொண்டிருந்த இடம். உச்சி வெயில். வெளிச்சத்துக்கு வந்து நாலு எட்டு வைப்பதற்குள் பாரம் வந்தது. இந்தத் தடவை உள்ளங்கை இல்லை, முழங்கை. தாடைவரை ஏறியது. வடிவு நின்றாள். நின்றது அவள் மட்டுமல்ல. நால்வரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

ரோஸ்லின் பையை இறக்கி வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"போதும்டி. நான் கேக்கப் போறேன்."

"கேக்கக் கூடாது" என்றாள் ஷம்ஷாத்.

"வார்டனும் வேணாம், சட்டமும் வேணாம். மருந்துக்கடையில ஒக்காந்திருக்கிறவ நான். இது கால் வலியில்ல. நெஞ்சு, தாடை. நாம நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கிட்டதுனால லேசாத் தெரியுது. சேத்து வச்சுப் பாரு, எவ்வளவுன்னு தெரியும். யாரோடது இது?"

காற்று மட்டும் கீழிருந்து மேலே அடித்தது.

"என்னோடது" என்றாள் வடிவு.

"இல்ல, என்னோடது" என்றாள் ஷம்ஷாத். "எனக்கு ரெண்டு வருஷமா பிரஷர். மாத்திரைய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

"போங்கடி, என்னோடதுதான்" என்றாள் ரோஸ்லின். "சக்கரக்காரிக்கு இப்படித்தான் வரும். நேத்துலேருந்து மாதாவக் கும்பிட்டுக்கிட்டே வர்றேன்."

மூவரும் பேச்சியைப் பார்த்தார்கள். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றாள் பேச்சி.

ஆயிரக்கணக்கான அடிக்கு மேலே, ஒரு பாறைப் பலகையில், மாரடைப்புக்குச் சொந்தம் கொண்டாடி நாலு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்றிலிருந்து நால்வரும் இதையே நினைத்துக்கொண்டு, இதையே மறைத்துக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி சிரித்துக் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். வடிவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"ஒவ்வொருத்தியாக் கழட்டுவோம்" என்றாள் ஷம்ஷாத். "கழட்டினதும் வலி போயிருச்சுன்னா அவளோடது இல்ல. இருந்துச்சுன்னா அவளோடது. ஆனா ஒண்ணு, அவளுக்கு மொத்தமும் வரும். அதனால ஒக்காந்துக்கங்க. ஓரத்த விட்டுத் தள்ளி ஒக்காருங்க."

பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். ஷம்ஷாத்தே முதலில் கழற்றினாள். கண்ணை இறுக மூடியிருந்தவள் மெல்லத் திறந்தாள். "போயிருச்சு." அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை வடிவு பார்த்தாள். அடுத்த நொடியே அந்த வெளிச்சம் வெட்கப்பட்டுக்கொண்டு அணைந்ததையும் பார்த்தாள். மற்ற மூவருக்கும் பாரம் கூடியது. பேச்சி கழற்றினாள். அவளுக்கும் போய்விட்டது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இப்போது ரோஸ்லினும் வடிவும்தான் மிச்சம். இரண்டு பேருக்கும் தோள்வரை இழுத்தது.

"நீ கழட்டு" என்றாள் வடிவு.

"நீ கழட்டேன்."

"தலைவி சொல்றேன், கழட்டுடி."

ரோஸ்லின் கழற்றினாள். வடிவுக்கு மூச்சு அடைத்தது. ரோஸ்லினின் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தபோதே எல்லாம் தெரிந்துவிட்டது. கடைசியாக மிஞ்சியவள் வடிவு. வலி இருக்கிறது. ஆகவே அது அவளுடையது. அண்ணனின் இலை ஞாபகம் வந்தது. அதில் ரசம் ஓடியிருந்தது.

ரோஸ்லின் அழுதுகொண்டே மாத்திரைப் பெட்டியைத் துழாவினாள். ஷம்ஷாத் தன் பட்டையை மறுபடி எடுத்தாள். "நாங்க போட்டுக்கறோம்டி. பிரிச்சுக்கலாம். ஹெலிகாப்டருக்குச் சொல்லிட்டு—"

"வேணாம்" என்றாள் வடிவு. "நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லாம ஒங்க தலையில கட்டிட்டு நடந்தேன். என்னோடது, எனக்கே முழுசா இருக்கட்டும்."

மற்றவர்கள் தடுப்பதற்குள் பட்டையின் கொக்கியை விடுவித்து இழுத்தாள். வரப்போகிற வலிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வலி வரவில்லை. இருந்த வலியும் இல்லை. நெஞ்சு கழுவிவிட்டதுபோல் காலியாக இருந்தது. குதிகாலில் தோல் உரிந்த எரிச்சல் ஒன்றுதான் மிச்சம், அது சந்தேகமில்லாமல் அவளுடையது.

"என்னடி?" என்றாள் ரோஸ்லின்.

"ஒண்ணுமில்ல. எனக்கு... ஒண்ணுமே இல்ல."

நால்வரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு பேச்சி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் நிறுத்த முடியாது. மற்றவர்களையும் தொற்றிக்கொண்டது. யாருக்கும் ஒன்றுமில்லை! நாலு கிழவிகள், ஒரு பழுதான கருவி, இரண்டு நாள் சாவு பயம். ரோஸ்லின் வடிவைக் கட்டிக்கொண்டு முதுகில் அறைந்தாள். அந்த நிமிஷத்தில் வடிவு அந்த மலையை, வெயிலை, உரிந்துபோன குதிகாலைக்கூட நேசித்தாள்.

ஷம்ஷாத் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். வடிவின் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தாள். கீழே ஊர்களுக்கு நடுவில் செல்போன் கோபுரங்கள் ஊசி ஊசியாக நின்றன.

"காட்டுக்குள்ள போனா வலி போயிரும், இல்ல?" என்றாள் மெதுவாக. "ஓரத்துக்கு வந்தா வரும்."

"ஆமா."

"காட்டுக்குள்ள டவர் கெடைக்காது. ஓரத்துல கெடைக்கும்." "பழைய மாடல்தான் கூப்பிடு தூரம். இது புதுசு. எட்டலன்னா டவர் வழியாப் போகும்போல இருக்கு. எனக்கு அது தோணவே இல்லடி. இந்த எடது முட்டி வலி மொத நாள்லேருந்து வந்துபோகுதே, யாரோடது அது? நம்ம நாலு பேருல யாருக்கு எடது முட்டி?"

யாருக்கும் இல்லை.

வடிவு பையின் அடியிலிருந்து போனை எடுத்தாள். நடையில் போனை அணைத்து வைப்பது வழக்கம். உயிர் பெற்றதும் அது துடித்துத் துடித்துத் தவறிய அழைப்புகளைக் காட்டியது. எல்லாம் காந்திமதி. திரும்பக் கூப்பிட்டதும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"வடிவு! உசுரோட இருக்கியாடி நீ?" குரல் இழுத்து இழுத்து வந்தது. "எத்தன வாட்டி கூப்பிடுறது? எறங்கச் சொன்னேன்ல ஒன்ன. நெஞ்சு வலிய வச்சுக்கிட்டு மலையேறுறா பாரு."

"காந்தி, நான் சொல்றதக் கேளு—"

"நீ கேளு. நேத்துலேருந்து எனக்கு இங்க வந்துக்கிட்டே இருக்கு. ஒங்க குதிகால் எரிச்சல்லாம் வருதுடி, ஒக்காந்த எடத்துல! அப்படியே நெஞ்சும். நீ ஏறும்போது எனக்கு உசுரு போகுது, எறங்கும்போது கொஞ்சம் கொறையுது. ஒன்னோடதுன்னு தெரியாதா எனக்கு? கழட்டிறலாமான்னு பாத்தேன். கழட்டினா என் பங்கும் ஒந்தலையில விழுந்துருமேன்னு பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். இப்ப ரொம்ப அதிகமாயிருச்சுடி. ஒனக்கு எப்படி இருக்கு? ரோஸ்லின்கிட்டக் குடு போன."

வலி குறைந்ததெல்லாம் இவர்கள் விளிம்பில் நின்று ஐந்தாகப் பிரித்துக்கொண்டபோது. உயிர் போனதெல்லாம் இவர்கள் காட்டுக்குள் நிம்மதியாக நடந்தபோது. அதை வடிவின் ஏற்றமும் இறக்கமும் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி இரண்டு நாளாக நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"காந்தி. எங்க நாலு பேரு பட்டையும் கையில இல்ல. கழட்டிக் கீழ வச்சிருக்கோம். எனக்கு நெஞ்சு வலி இல்ல. இங்க யாருக்கும் இல்ல."

போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ரோஸ்லின் தன் போனில் ஆம்புலன்ஸுக்கு மதுரை முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்ப," என்றாள் காந்திமதி, "இது என்னோடதா?"

"ஆமாடி."

பிறகு அந்த மூச்சு, அத்தனை வலியிலும், நீளமாக வெளியே வந்தது.

"அப்பாடா" என்றாள் காந்திமதி.

வடிவு போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். தனக்கு இல்லை என்று தெரிந்தபோது தான் எப்படி மூச்சு விட்டோம் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒருத்தி, தனக்குத்தான் என்று தெரிந்ததும் அதே மூச்சை விடுகிறாள்.

அதற்கப்புறம் யோசிக்க நேரமில்லை. ரோஸ்லின் போனைப் பிடுங்கினாள். "ஆஸ்பிரின் இருக்காடி? தலைவலிக்கு வச்சிருப்பேல்ல, அதான். கடிச்சு மென்னு முழுங்கு. ஆம்புலன்ஸ் கெளம்பிருச்சு. கதவத் தெறந்து வையி. தொறந்துட்டு அங்கேயே தரையில ஒக்காந்துரு, அலையாத." பிறகு திரும்பி, "பட்டையப் போடுங்கடி. இப்ப அவளுக்குத் தெரிஞ்சுருச்சு. இனிமே பிரிச்சுக்கிட்டா தப்பில்ல. வலியோட பதறுனா இருதயத்துக்கு இன்னும் சிரமம்" என்றாள்.

நால்வரும் போட்டுக்கொண்டார்கள். முழங்கை மறுபடி வந்து நெஞ்சில் ஏறியது. இந்தத் தடவை யாரும் பாசாங்கு செய்யவில்லை. வாய்விட்டு முனகினார்கள்.

காந்திமதி போனை எங்கோ வைத்துவிட்டாள். சத்தமில்லை. திடீரென்று வடிவின் இடது முட்டியில் சுருக்கென்று குத்தியது. விட்டது. மறுபடி குத்தியது.

"நடக்குறா" என்றாள் பேச்சி.

கண்ணை மூடிக்கொண்டு நால்வரும் அவளோடு நடந்தார்கள். ஒரு குத்து, ஓர் எட்டு. நாற்காலியிலிருந்து சாப்பாட்டு மேசை இவ்வளவு தூரம் இருக்கும். அங்கே நின்றாள், குத்து நின்றது. மறுபடி ஆரம்பித்தது. வடிவு தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "வாடி, வாடி, அவ்வளவுதான்" என்று முணுமுணுத்தாள். கூடம், செருப்பு அலமாரி, கதவு. முட்டி மடங்கி ஒரு பெரிய வலி வந்தது. பிறகு அடங்கியது. உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவர ஆரம்பித்தது. இந்த நேரத்தில் விளிம்பில் இருக்கக் கூடாது, காட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது வடிவு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம். ஆனால் காட்டுக்குள் போனால் டவர் போய்விடும். அவள் கயிற்றை எடுத்து நால்வரின் இடுப்பையும் பாறையிடுக்கில் வேரோடியிருந்த மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். மழை அடித்தது. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஷம்ஷாத்தின் உதடு துஆ ஓதிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் மாதாவை விடவில்லை. வலி இருக்கும்வரை காந்திமதி இருக்கிறாள். வடிவுக்கு அது ஒன்றுதான் கணக்கு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வலி போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

வலி போயிற்று.

குறையவில்லை, மங்கவில்லை. நாலு நெஞ்சிலிருந்தும் ஒரே நொடியில் அறுந்துபோயிற்று.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். "டவர்... டவரா இருக்கும்" என்று ஷம்ஷாத் போனைப் பார்த்தாள். டவர் முழுசாக இருந்தது. வடிவு காந்திமதியைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. நெஞ்சில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மழை விட்டு, பாறையிலிருந்து ஆவி கிளம்பிய பிறகுதான் போன் அடித்தது. ஓர் இளம்பெண்ணின் குரல், அவசரமாக.

"காந்திமதிங்கிறவங்களுக்கு நீங்க என்ன வேணும்? சொந்தக்காரங்களா?"

"ஆமா. சொல்லும்மா."

"எமர்ஜென்சிலேருந்து நர்ஸ் பேசுறேன். நகை, வாட்சு, கையில இருந்த பட்டை எல்லாத்தையும் கழட்டித்தான் உள்ள கூட்டிட்டுப் போனோம். அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வச்சாச்சு. நல்லாருக்காங்க. நல்ல நேரத்துல வந்தாங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும், பட்டையக் கேட்டு எங்கள ஒரு வழி பண்றாங்க. அத யார்ட்ட குடுக்குறது?"

வடிவு போனைப் பேச்சியிடம் நீட்டினாள். பேச்சி, "பத்திரமா வைம்மா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள், ஆனால் கண்ணீர் மூக்கு நுனிவரை ஓடியிருந்தது.

மறுநாள் நடையை முடித்துக்கொண்டு குறுக்குவழியில் இறங்கினார்கள். பட்டைகள் பைக்குள் கிடந்தன. ஒவ்வொருத்திக்கும் அவளவள் வலி முழுசாக வந்து சேர்ந்திருந்தது. வழியெல்லாம், பேச்சியைத் தவிர, அதை உரக்க அறிவித்துக்கொண்டே வந்தார்கள். "என் இடுப்பு!" என்று ரோஸ்லின் கத்துவாள். "என் குறுக்கெலும்பு!" என்று ஷம்ஷாத் பதில் கத்துவாள். எதிரே ஏறி வந்த இளவட்டங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இவ்வளவு சந்தோஷமாக வலியோடு வடிவு எந்த மலையிலிருந்தும் இறங்கியதில்லை.

ஆஸ்பத்திரியில் காந்திமதி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் களைப்பு இருந்தது, அதிகாரம் குறையவில்லை.

"டாக்டர் கேக்குறாரு, ரெண்டு நாளா ஏம்மா வரலன்னு. எனக்கு வலிச்சது எனக்கே தெரியலன்னு சொன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டுப் போறாரு." அவள் வடிவின் பக்கம் திரும்பினாள். "நீ அந்த டெஸ்ட எப்ப எடுக்கப் போற?"

"நாளைக்கு. இதே ஆஸ்பத்திரியில. இவளுங்க மூணு பேரும் கூட வர்றாளுங்க."

"நல்லது."

வடிவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்கவா வேண்டாமா என்று யோசித்தாள். "காந்தி, ஒன்னோடதுதான்னு தெரிஞ்சதும் அப்பாடான்னியே. ஏன்டி?"

"நானா? நான் எங்க சொன்னேன்? அந்த வலியில எவ அப்பாடா சொல்லுவா? அம்மான்னு சொல்லியிருப்பேன்."

வடிவு மறுபடி கேட்கவில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"அத விடு. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்றாள் காந்திமதி. "மொத நாள்லேருந்து ஒரு வலது குதிகாலு. அப்பப்பா, முள்ளு வச்சுக் குத்துற மாதிரி. அஞ்சுல ஒரு பங்கே அப்படின்னா, அந்தக் காலுக்காரி எப்படித்தான் நடந்தா? யாருடி அது?"

முப்பது வருஷத்தில், அந்தப் பாறையில் தவிர, யாரும் கேட்காத கேள்வி. ரோஸ்லின் ஷம்ஷாத்தைப் பார்த்தாள். ஷம்ஷாத் ஜன்னலைப் பார்த்தாள்.

கதவோரம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நின்றிருந்த பேச்சி, வகுப்பில் தூக்குவதுபோல் மெல்லக் கையைத் தூக்கினாள்.

"என்னோடதுடி" என்றாள். "ரொம்ப வலிச்சுச்சு."